டீ குடித்தால் பறிபோகும் உரிமை

கில்லட் சாலை,
யார்க்‌ஷயர்.
மார்ச் 1986

மேன்மை தங்கிய பேராசிரியர் ஹார்க்னெஸ் அவர்களுக்கு, வினிஃப்ரெட் அக்ராய்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தாங்களும் தங்கள் துணைவியாரும், வீட்டில் நாய் பூனை இருந்தால் அவையும், இந்தப் பாழாய்ப்போன ஈரக்காற்றில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்களிடம் இரண்டாம் வருஷம் சட்டம் படிக்கும் மால்கம் பிக்கர்ஸ் என் வீட்டு மாடியில் பின்னறையில் தங்கியிருக்கிறான். தாங்கள் பார்த்திருப்பீர்கள், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாக இருப்பான், அப்பா மீன்பிடிப் படகில் போகிறவர். போன வருஷம் குற்றவியல் சட்டம் படித்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு விஷம் வைத்தவள் கதை, கோடாலியால் வெட்டினவன் கதை என்று அவிழ்த்துவிடுவான், நானும் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே கேட்பேன், பொழுது போவதே தெரியாது. ஒரு தொல்லை கிடையாது. இந்த வருஷம் தாங்கள் நிலச் சட்டம் எடுக்க ஆரம்பித்தீர்கள், என் வீட்டு நிம்மதி போயே போச்சு.

விஷயம் இதுதான். என் அக்கா ஹில்டாவுக்கு டெரெக் என்று ஒரு பிள்ளை. நாற்பது வயசாகிறது, பெண்டாட்டி வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள், அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈஸ்டருக்குள் பின்னறையைக் காலி பண்ணி அவனுக்குக் கொடு என்று ஹில்டா தினமும் போனில் பிடுங்கி எடுக்கிறாள். சின்ன வயசிலிருந்தே அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வராது, அதனால் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். மறைப்பானேன் என்று மால்கமிடமும் சொன்னேன். பையன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மே மாதம் பரீட்சை, நடு வருஷத்தில் இந்த ஊரில் எவன் அறை கொடுப்பான்? "கவலைப்படாதே கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவன் என்னை நம்பவில்லை, தங்கள் பாடத்தை நம்பினான்.

மறுநாள் காலை வழக்கம்போல டீ எடுத்துக்கொண்டு போனால் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது! ராத்திரியோடு ராத்திரியாக அவனே வாங்கி அடித்திருக்கிறான்.

"மால்கம், டீ ஆறுது."

"வேணாங்க, மிசஸ் அக்ராய்ட்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க நெனச்சப்ப உள்ள வந்து, டீ குடுத்து, படுக்கையைத் தட்டிப் போட்டா நான் வெறும் தங்கறவன்தான். போன்னா போக வேண்டியதுதான். நீங்க வரவே கூடாதுன்னு இருந்தா அறை என்னோட தனி அனுபோகத்துல இருக்கு, நான் வாடகைதாரர் ஆயிருவேன். அப்புறம் கோர்ட் உத்தரவு இல்லாம கிளப்ப முடியாது."

"சரிப்பா, டோஸ்ட்டும் வேணாமா?"

காலடிச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "என்ன தடவியிருக்கீங்க?"

"ஆரஞ்சு மார்மலேட்."

"வேணாங்க" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

ஐயா, அன்றைக்குப் பிடித்தது சனியன். படுக்கை விரிப்பை நான் துவைத்தால் அதுவும் பணிவிடைக் கணக்கில் போகுமாம், அதனால் தானே குளியல் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, குழாயை மூட மறந்து தங்கள் பாடத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டான், தண்ணீர் மாடியிலிருந்து அடுக்களைக் கூரை வழியாக இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்காக அடுப்பில் வைத்திருந்த குழம்புச் சட்டியில் நேராகச் சொட்டியது. அடுத்து அந்தத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு திறக்க வரவில்லை, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஜன்னல் வழியாக மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்கியிருக்கிறான், எதிர்வீட்டுக்காரி பார்த்துப் போலீசைக் கூப்பிட்டுவிட்டாள். குழாயில் தொங்கிக்கொண்டே, வந்த போலீஸ்காரரிடம், "இது என் தனி அனுபோகம், சார்" என்கிறான்! அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தத் தம்பி உங்க வீட்டுப் பிள்ளையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லித்தான் இறக்கினேன்.

சாப்பாட்டைக் கேட்காதீர்கள். டப்பாவிலிருந்து பீன்ஸை அப்படியே கரண்டியால் வழித்துத் தின்கிறான், சூடுபண்ணக்கூட அடுக்களைக்கு வருவதில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. மனசு கேட்காமல் ஒருநாள் டீயை மாடிப்படியில் வைத்துவிட்டு, மறந்து வைத்துவிட்டவள் மாதிரி கீழே வந்துவிட்டேன். அவன் கதவைத் திறந்து கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். படியில் இருப்பது பணிவிடையா, தவறவிட்ட பொருளா, எடுத்துக் குடித்தால் திருட்டா என்று யோசித்து யோசித்து, கடைசியில் டீ பச்சைத்தண்ணியாக ஆறிவிட்டது. இப்படி ஒரு படிப்பா சார்? ஒரு டீயைக் குடிக்க விடாத படிப்பு!

போன ஞாயிறு ஹில்டா அளவு நாடாவோடு வந்து நின்றாள், டெரெக்கின் அலமாரி உள்ளே நுழையுமா என்று பார்க்க. என்னைக் கேட்கக்கூட இல்லை. நேரே மாடியேறிக் கதவை இடித்தாள்.

"யாரது உள்ளே? திறடா!"

"மேடம், நான் இந்த அறையோட வாடகைதாரர். கோர்ட் உத்தரவு கொண்டாந்திருக்கீங்களா?"

"அடியே வின்னி! ஒரு பொடிப்பய கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்கிட்ட கோர்ட்டுங்கறான், நீ பார்த்துக்கிட்டு நிக்கறே!"

"நான் என்னக்கா பண்ணட்டும்? சட்டம்" என்றேன்.

அறுபது வருஷத்தில் முதல் தடவையாக ஹில்டா நினைத்தது நடக்காமல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். அது கண்கொள்ளாக் காட்சிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் மனசு ஆறவில்லை. என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் போனபிறகு காலையில் டீ போட்டுக் கொடுக்க எனக்கு இந்தப் பையனை விட்டால் ஆள் இல்லை. எனக்கு மட்டும் போட்டுக்கொண்டால் அது டீயாகவே வருவதில்லை. நான் போட்ட டீயை ஒருத்தன் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டானே என்று அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன் சார், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து மால்கமைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு அப்படி ஒரு உரிமையும் இல்லை, கிறுக்குத்தனத்தை விட்டுவிட்டு அந்த அம்மாள் கொடுப்பதைச் சாப்பிடு" என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் அவனுக்கு மட்டும் நிலச் சட்டத்தை நிறுத்திவிட்டு, மறுபடியும் கொலை, கொள்ளை என்று நல்லதாக ஏதாவது சொல்லிக்கொடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் கை கால் வலியில்லாத உடம்பும், ஒழுகாத கூரையும், காலாகாலத்தில் பசியும் அமையட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையும் அதைவிட அதிகக் கோபமும் கொண்ட,
வினிஃப்ரெட் அக்ராய்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மால்கம் தங்கள் வகுப்பிலிருந்து வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றான். "மிசஸ் அக்ராய்ட், இன்னைக்குப் பேராசிரியர்கிட்ட கேட்டேன். நீங்களும் இதே வீட்ல குடியிருக்கறதால நான் தாழ்ப்பாள் போட்டது, பட்டினி கிடந்தது எதுவும் செல்லாதாம். உங்க அக்கா கேட்டா நீங்க தாராளமா என்னைக் கிளப்பலாம். சட்டப்படி எனக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா, ஹில்டாவுக்குத்தான் தெரிந்திருக்குமா? என் கட்டிலைப் பிடுங்கிக்கொள் என்று தானே வந்து சொல்கிறான் பாருங்கள்!

"இதை வேற யார்கிட்ட சொன்னே?" என்றேன். "யார்கிட்டயும் சொல்லலீங்க." "ஹில்டா காதுல விழுந்துது, உன் காலை ஒடிச்சுருவேன். உட்காருடா!" உட்கார்ந்தான். இப்போது எதிரே அமர்ந்து மூன்றாவது தட்டு ஸ்ட்யூவைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், டீயும் உள்ளே போய்விட்டது. ஆகையால் மேலே நான் எழுதிய அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு உபகாரம். நாளைக் காலை ஹில்டா தங்களுக்கே போன் போட்டுச் சட்டம் கேட்கப்போகிறாளாம். பையனை அசைக்கவே முடியாது, ராணியே வந்தாலும் முடியாது என்று அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. தாங்கள் நடத்தும் வழக்காடு போட்டியில், தான் எதை நம்பினாலும் சரி, சீட்டில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காகத்தான் வாதாட வேண்டுமாம், மால்கம் சொன்னான். தங்களுக்கு எங்கள் பக்கம் விழுந்திருக்கிறது.