பதினைந்து இஞ்ச் பெட்டி வாங்கிய கதை

மெல்லிசைக் குழுவில் அடித்தொனி தரும் பேஸ் கிடாரை வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. பாடகர் இருமினால்கூடக் கைதட்டுவார்கள். பேஸ் நின்றுபோனால், ஏதோ குறைகிறதே என்று வயிற்றைத் தடவிக்கொண்டு போண்டா வாங்கக் கிளம்புவார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே வியர்க்கிற எனக்கு, அதனாலேயே அந்த வாத்தியம் பிடித்துப்போனது.

வார நாட்களில் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால், மேலிருந்து ‘தம்’ என்று இறங்கி வெட்டுமே, அந்த மிஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் தாஸ் அண்ணனின் குழுவில் பேஸ். என்னிடம் இருந்த ஸ்பீக்கர் பெட்டி தையல் மிஷின் உயரம்கூட இல்லை. கச்சேரியில் அது என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் தாஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏகாம்பரம், நீ வாசிக்கிறது உனக்காவது கேக்குதா?”

நான் தலையைக் குனிந்தேன். (கேட்கவில்லை.)

“உன் கம்பெனி ஆயுத பூஜைல நம்ம கச்சேரி கீது. அன்னிக்கும் கேக்கலைன்னா, கீபோர்டுக்காரன் எடது கைலயே பேஸ் வாசிச்சிக்கினு போயிடுவான். தப்பா நெனச்சுக்காத.”

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டால் எனக்கென்று வேறு எதுவும் கிடையாது. அன்றிலிருந்து கனவிலேயே நடமாடினேன். நல்ல பேஸ் காதில் விழக்கூடாது, காலில் ஏற வேண்டும். தரைக்கடியில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல இருக்க வேண்டும். சோறு பிசையும்போதும் அந்த நாதம் உள்ளங்காலில் வந்து வந்து போனது. என் மனைவி தேவகி, “சாம்பாரு ஊத்தலையே, வெறும் சோத்த இன்னா பெசையிறீங்க?” என்று கேட்ட பிறகுதான் தட்டு கண்ணுக்குத் தெரிந்தது.

சென்னையில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். விற்பனைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டி, கையில் ஒரு கிடாரையும் கொடுத்து, நன்றாக வாசித்துப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் முடியைக் கொண்டை போட்ட ஒருவர் பத்து விரலாலும் பொரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நான் எங்கே வாசிப்பது? காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடுகிறவன் மாதிரி, ஒவ்வொரு பெட்டியிலும் கீழ்க்கம்பியை ஒரே ஒருமுறை தட்டினேன். அவ்வளவுதான் என் சோதனை.

நான்கு சின்ன ஸ்பீக்கர் வைத்த பெட்டி பித்தளைக் குடம் மாதிரி தெளிவாகப் பேசியது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டி தொண்டையைச் செருமியது. மூன்றாவதில் ஒரே ஒரு ஸ்பீக்கர், பதினைந்து இஞ்ச், புளி மூட்டை கனம். தட்டினேன். செருப்பு வழியாக ஏறி, முழங்காலில் நின்று, மெல்ல மார்புக்கு வந்தது. எங்கேயோ ரொம்ப நாள் பழகிய இடத்துக்குத் திரும்பி வந்ததுபோல ஒரு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டேன். தெளிவு வேண்டுமென்றால் நாலு ஸ்பீக்கர்தான் நல்லது, எங்கே வாசிப்பீர்கள் என்றெல்லாம் விற்பனைக்காரர் பேசியது தூரத்தில் கேட்டது. கம்பெனித் தகர ஷெட் என்று சொல்ல வெட்கப்பட்டு, “ஹால்” என்றேன்.

அதையே வாங்கி, லோக்கல் ரயிலில் சாமான் ஏற்றும் பெட்டியில் ஏற்றினேன். காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்த பழவேற்காட்டு மீன்காரம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இன்னா நைனா, இம்மாம் பெரிசு? உள்ள ஆளு கீதா?”

நான் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகை சாயங்கால வெயிலில் ரோஜா நிறமாக நின்றது. நான் வானத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் கம்பெனியில் எந்த மிஷினையும் ஓட்டக்கூடாது. எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும். குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. ஷெட்டின் ஒரு மூலையில் மேடை, மறு மூலையில் என் பிரஸ். சூப்பர்வைசர் லோகநாதன் சாரின் மனைவி அதன் வாய்க்குள் கையை விட்டு, பொரி கடலைத் தட்டு வைத்து, பூ சாத்திக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்திருந்தது.

முதலில் மெதுவான சாமி பாட்டு. பல்லவி திரும்பியதும் கீழ்க்கம்பியைத் தட்டினேன்.

தம்.

தகரக் கூரை அதை வாங்கிக்கொண்டது. தரை வாங்கிக்கொண்டது. மறுபடி, தம். சோழவரம் ஏரி நிறைந்திருக்கும்போது கரையில் படுத்தால் முதுகுக்கடியில் தண்ணீர் அசைவது போலிருக்குமே, அப்படி. கண் தானாக மூடிக்கொண்டது. தம்.

திடீரென்று எல்லாம் அடங்கியது. பாட்டு இல்லை, மற்ற வாத்தியங்கள் இல்லை. (என் நாதத்தில் சபையே உறைந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.) கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு.

“எவன்டா பிரஸ்ஸ போட்டது? கையி உள்ள கீதுடா!” லோகநாதன் சாரின் அலறல். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியவர் அவர்தான்.

இருட்டில் அவர் மனைவி நிதானமாகச் சொன்னார்: “மிஷினு சும்மாதாங்க கீது. நீங்க ஏன் லைட்ட அமத்துனீங்க?”

கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்: “சார், அது பிரஸ் இல்ல. நம்ம ஏகாம்பரம்.”

அந்தச் சிரிப்புக்குக் கூரை இன்னும் அதிகமாக அதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் என் காலடியில் ஏறிய சத்தத்தை, மூன்று பெட்டிகளுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடித்து, புதுசாக வாங்கி வந்திருக்கிறேன். வேகமும் பிரஸ்ஸின் வேகமேதான். என் கைக்கு வேறு தெரியாது.

கச்சேரி முடிந்து, கிடாரை உறையில் போட்டுக்கொண்டு, இனி வரவில்லை என்று சொல்லத் தாஸ் அண்ணனிடம் போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

“இத்தினி வருசத்துல பேஸ் கேட்டுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இன்னிக்கு ஒருத்தன் மெயினையே அமத்திட்டான். நீ எங்கயும் போவாத.”

அடுத்த வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காபி ஆறுவதற்குள் தேவகி இதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அத்திப்பட்டில் எலக்ட்ரீஷியன், சிரிக்காத மனிதர். யோசித்துவிட்டு, “கல்யாணத்துல சம்பந்தியே வாசிக்கட்டும். மெயினாண்ட நான் குந்திக்கிறேன்” என்றார்.

சொன்னபடியே வரவேற்பன்று மண்டபத்து மெயின் போர்டுக்கு அடியில், பட்டு வேட்டியோடு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணைத் திறந்துகொண்டே வாசித்தேன். பாதிப் பாட்டில் அங்கே பார்த்தால், பட்டு வேட்டிக் காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.