போலீஸ் பிடிக்காத கத்தி

செவ்வாய்ப்பேட்டை பார்சல் ஆபீசில் மூட்டைக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தபோது குமரகுருவின் முன்பல் ஆட்டம் கண்டது. ஆடுவதற்கு அதற்கு வேறு வாரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்திலிருந்து பெண் வீட்டார் கல்யாணம் பேச வருகிறார்கள். பெண் சத்யபிரியாவை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. போட்டோவைப் பார்க்கும்போதுகூடச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வான்.

“பல்லு போனா பொண்ணும் போயிரும். கயிறு அறுக்கப் பாக்கெட்டுல ஒரு சின்னக் கத்தி வெச்சுக்கப்பா,” என்றான் கூட வேலை செய்யும் சின்னான்.

“கத்தி வெச்சிருந்தா போலீஸ் புடிக்காதா?”

வண்டியே வராத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஆள் குமரகுரு. அன்று சாயங்காலமே இரும்புக் கடைக்குப் போனான்.

“தினமும் பாக்கெட்டுல வெச்சுக்கோணுங்க. போலீஸ் புடிக்காத கத்தியா ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மடக்குக் கத்தியை எடுத்துப் பட்டனை அமுக்கினார். சடக்கென்று அலகு வெளியே பாய்ந்தது.

“ஐயோ, பாயாத கத்திங்க!”

பக்கத்தில் அரிவாள்மணை பார்த்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் திரும்பினார். “கத்தி யாருக்குங்க தம்பி?”

“யாருக்கும் இல்லீங்க! சும்மா அறுக்கறதுக்குங்க!”

சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கத்தியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்தான். சட்டத்தைச் சட்டத்திடமே கேட்டுவிடலாம் என்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

எந்தக் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்று அவன் கேட்டதும் ஏட்டு ஸ்ரீதேவி பேனாவைக் கீழே வைத்தார். “யாரை மிரட்டப் போற?”

“பார்சல் கயிறு வெட்டறதுக்குங்க மேடம்.” பல்லை ஆட்டிக் காட்டினான்.

சாட்சி பலமாக இருந்ததால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பட்டன் கத்தி வேண்டாம். உள்ளங்கைக்குள்ள அடங்கற மடக்குக் கத்தியா வாங்கிக்க. கோர்ட்டுப் பக்கம் கொண்டு போகாத. கேட்டா வேலைக்குன்னு சொல்லு, போ.”

மனசு குளிர்ந்து வெளியே வந்தவன் அப்படியே நின்றான். எதிர் டீக்கடையில் அதே மீசைக்காரர். டீயை ஆறவிட்டுவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஃப்டி போலீஸ்! குமரகுருவுக்கு வியர்த்துக் கொட்டியது. கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? ஓடினால் சந்தேகம் வரும் என்று, இரும்புக் கடைக்கு வேகமாக நடந்தான். மீசைக்காரரும் பின்னாலேயே நடந்தார். கடையில் இருப்பதிலேயே சின்னதாக, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கத்தியை வாங்கினான். அது வாழைப்பழத்தை அறுத்தாலே பெரிய விஷயம். பில்லையும் கேட்டு வாங்கி, மீசைக்காரர் முன்னால் இரண்டையும் நீட்டினான்.

“சார், பாத்துக்கங்க. நான் எந்த வம்புதும்புக்கும் போகாதவனுங்க.”

“குடிப்பீங்களா?”

“கல்யாண ஊட்டுச் சோடாவோட சரிங்க.”

“சிகரெட்டு?”

“பொகை பட்டாலே இருமுவேனுங்க.”

“கோவம் வருமா?”

“வருங்க. வந்தா மொட்டை மாடிக்குப் போயிருவேனுங்க.”

“பொண்ணு விவகாரம் ஏதாச்சும்?”

இதையெல்லாம் எந்தச் சட்டத்தில் கேட்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் உள்ளதைச் சொன்னான்.

“இப்பத்தான் ஒண்ணு கூடி வருதுங்க. அதைக் கெடுத்துராதீங்க சார். அந்தப் பொண்ணுன்னா எனக்கு உசுருங்க.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மீசைக்காரர் போனை எடுத்தார். ஸ்டேஷனுக்குத்தான் சொல்லப்போகிறார் என்று குமரகுரு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“சத்யபிரியா, மாமன் பேசறேன் சாமி. பார்சல் ஆபீசுல இருந்தே பின்னாடி வந்து மாப்பிள்ளையை நல்லா விசாரிச்சுட்டேன். ஒரு கத்தி வாங்கறதுக்கே ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியறாரு, உன்னைக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டாரு. தைரியமாக் கட்டிக்க!”