‘கெட்’ என்ற சொல்லுக்குள் மாமா வந்த விதம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் இளைய மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் வலது கண்ணைத் தவிர. அங்கே நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் உடல்நலத்தைப் பற்றிப் போன மாதம் நான் எழுதியதால் வந்த வினைதான் இவ்வளவும்.

முதலில் செய்தி. வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மருத்துவர் தயார். படுக்கை தயார். அம்மா தயாரில்லை. “என் தம்பி வெளியில உக்காந்திருந்தாத்தான் நான் உள்ள போவேன். இல்லைன்னா இருக்கிற ஒரு கண்ணு எனக்குப் போதும்” என்கிறாள். உங்கள் குடலிறக்க அறுவையின்போது அவள்தானே வெளியே உட்கார்ந்திருந்தாள்? (அதுவும் ஓர் உதாரண வாக்கியமாகியிருக்கிறது, அகராதியின் மாதிரிப் பக்கங்களில் நான்காம் பக்கத்தில். இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்றால் போக வேண்டாம்.)

நீங்களோ தொலைபேசியில் அம்மாவிடம் “உன் பொண்ணு அந்தப் புத்தகத்துல என்னை என்ன பண்ணி வச்சிருக்கா, பாத்தியா? இனி நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதன்பின் எடுக்கவே இல்லை. ஆகவே கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. முடியும். தயவுசெய்து வைக்காதீர்கள்.

நடந்தது இதுதான் மாமா. ஆங்கிலம்–தமிழ் அகராதியில் எனக்கு ஒரு வினைச்சொல் கொடுத்தார்கள். ‘கெட்’. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து (get). ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து மேசைக்காரிக்கு ‘ஒட்டகச்சிவிங்கி’ கொடுத்தார்கள். அவள் ஒரு வரி எழுதினாள், கழுத்து நீளம் என்று. தேநீர் குடிக்கப் போய்விட்டாள். நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். ‘கெட்’ என்றால் பெறு. சரி. வாங்கு, அடை, ஆகு, பிடி, புரிந்துகொள், எழுந்திரு, இறங்கு, தப்பித்துக்கொள், சமாளி, செய்ய வை. ஒரு பொருளை எழுதி நிமிர்ந்தால் அதன் பின்னால் இன்னொன்று நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம், எதையும் வெளியே போ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படிச் சொல்வதற்கும் அதே சொல்தான்.

எங்கள் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியரை நாங்கள் கத்தரி என்று கூப்பிடுவோம். (முதுகுக்குப் பின்னால்.) அவருக்கு ஒரு விதி உண்டு. முகம் தெரியாத ஆளை வைத்து உதாரணம் எழுதக்கூடாது. ‘அவன் சந்தைக்குப் போனான்’ என்று எழுதிக் கொடுத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆரம்பிப்பார். “யாரும்மா இந்த அவன்? என்ன சட்டை போட்டிருக்கான்? சந்தையில என்ன வாங்கினான்? தெரியாதா? அப்போ அவன் போகலை. அடிச்சிடு.” தெரிந்த ஆளை எழுதினால்தான் வாக்கியத்துக்கு உயிர் வருமாம். உயிர் வருகிறது, உறவு போகிறது. ‘தின்’ என்ற சொல்லுக்கு உதாரணம் எழுதியவரை இப்போது மாமியார் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. ‘பொய் சொல்’லுக்கு எழுதியவர் வீடு மாறிவிட்டார்.

எனக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை மாமா? நான் புத்தகங்களுக்குள் வளர்ந்தவள். அம்மா, நீங்கள், அத்தை. அம்மாவை எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. அத்தைக்கு நான் பயப்படுவேன், பயந்துகொண்டே எழுதினேன். நீங்கள்தான் எதையும் தாங்குவீர்கள் என்று நினைத்தேன். ‘மாமா வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகிறார்.’ அது ‘ஆகு’ என்ற பொருள். ‘எல்லாரும் சிரித்து முடித்த பிறகே மாமாவுக்கு நகைச்சுவை புரிந்தது.’ அது ‘புரிந்துகொள்’. ‘மழையில் நனைந்தால் மாமாவுக்குச் சளி பிடிக்கும், நனையாவிட்டாலும் பிடிக்கும்.’ ‘அத்தை மாமாவைப் பாத்திரம் கழுவ வைத்தார்.’ ‘அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு மாமா ஒருமுறைகூடத் தப்பியதில்லை.’ எல்லாம் இலக்கணச் சுத்தமானவை. அதுதான் சோகம்.

முன்பதிவு செய்தவர்களுக்கு மாதிரிப் பக்கங்கள் போகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் முன்பதிவு செய்திருந்தது தெரியாது. அகராதியை வாசிப்பதற்காக வாங்கும் ஒரே மனிதர் என் குடும்பத்திலேயே இருப்பார் என்று யார் கண்டது?

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னால் உங்கள் கோபம் தணியலாம். தணியாமலும் போகலாம், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ‘கெட்’ ஆங்கிலத்தில் பிறந்த பிள்ளையே இல்லை. வடகடலில் படகோட்டி வந்தவர்கள் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் பேச்சில் அதற்கு அடைதல் என்று பொருள், பிள்ளை பெறுதல் என்றும் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு முன்பே அதன் சொந்தம் ஒன்று, வேறு சொற்களின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒண்டுக்குடித்தனம் இருந்தது. வந்தது வீட்டையே பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு பங்காளி: ‘ஃபர்கெட்’. மறத்தல். கையில் பிடித்ததை நழுவவிடுவது. தூரத்து உறவில், லத்தீன் வழியாக, சிறைச்சாலை என்ற சொல்லும் வருகிறது. வேலை பழகுபவர் என்ற சொல்லும் வருகிறது. நான் இந்த அலுவலகத்தில் வேலை பழகுபவள். ஆகவே எனக்கு எல்லாம் பொருந்துகிறது.

மறத்தலும் அந்தக் குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

சமாதானத்துக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நேற்று அச்சகத்துக்கே போனேன். முழு அகராதியில் ‘கெட்’ இருக்கும் பக்கங்கள் இன்னும் அச்சேறவில்லை. எல்லா மாமாவையும் எடுத்துவிட்டேன். ஒருவர்கூட இல்லை. ஆனால் முகம் தெரிந்த ஆள் வேண்டுமே? உங்கள் எதிர்வீட்டுக்காரரைப் போட்டுவிட்டேன். ஸ்கூட்டரை உங்கள் வாசலில் நிறுத்துகிறாரே, அவரேதான். இனி பருப்பவர் அவர். சளி பிடிப்பது அவருக்கு. அவர் மனைவிதான் பாத்திரம் கழுவ வைக்கிறாள். உங்களுக்கு இது இனிக்கும் என்று நம்புகிறேன்.

பொருளுக்கு ஒன்றாக உதாரணம் எழுதும் அட்டைகளில் ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. ‘கெட்’ என்றால் ஓர் இடத்துக்கு வந்து சேர்வது என்றும் பொருள். கத்தரி தினமும் கேட்கிறார். “என்னம்மா, யாருமே வரலையா?” யாரும் வரவில்லை. சும்மா எழுதிவிட மனம் வரவில்லை.

வாருங்கள் மாமா. என்னோடு பேச வேண்டாம். மருத்துவமனை நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அம்மாவுக்கு ஒரு கண்ணில்தானே தெரிகிறது, நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க மாட்டாள்.

அத்தைக்கு என் வணக்கமும் பயமும். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும் தகுதி இப்போதைக்கு இல்லாத,

உங்கள் மருமகள்.

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

“வந்துட்டான்டி.”

“யாரும்மா?”

“உன் அகராதி. பையைக்கூட கீழ வைக்காம வாசல்ல நின்னு கத்துறான். நீ அவனை எடுத்துட்டு எதிர்வீட்டு ஆளைப் போட்டதா நேத்து சொன்னியே, அதை நான்தான் அவன்கிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பாத்தேன்.”

பிறகு நீங்கள் தொலைபேசியைப் பிடுங்கினீர்கள். அதை நான் எழுத வேண்டியதில்லை, பேசியவர் நீங்கள்தான். ஆனால் கத்தரியின் விதிப்படி பதிவுசெய்கிறேன். “ஏன்டி, தெரு முழுக்க அந்தப் பக்கத்தைக் காட்டி வச்சிருக்கேன். அந்த ஸ்கூட்டர்காரன் எண்ணிப் பாத்துட்டு, ‘என்ன சார், உங்களைவிட உங்க வீட்டு அம்மாவுக்குத்தான் ரெண்டு வாக்கியம் அதிகம் போல’ன்னு சிரிக்கிறான். அதுக்குத்தான் கோபப்பட்டேன். நீ என்னடான்னா, இருந்ததையும் புடுங்கி அவனுக்கே குடுத்துட்டியா? அவன் அகராதியில, நான் வெளியிலயா? எனக்குச் சளி பிடிக்கலையா? நான் குண்டா இல்லையா?”

இருக்கிறீர்கள் மாமா. மறுபடி அச்சகத்துக்கு ஓடுகிறேன். எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறேன், கூடுதலாக ஒன்றும் உண்டு. கிளம்பும் முன் அந்தக் காலி அட்டையை நிரப்பிக் கத்தரியின் மேசையில் வைத்தேன். யார், என்ன சட்டை என்று அவர் கேட்கவில்லை.

‘மாமா வந்து சேர்ந்தார்.’