கரண்டு வந்த பாடம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறிச் சத்தம் கேட்காது. காதில் கோளாறு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு ரகசியமெல்லாம் நன்றாகவே கேட்கும். பவர்லூம் சத்தம் மட்டும் கேட்காது. ஆரணியில் தறி ஓடும் தெருவில் பிறந்து, அதே தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் நூலகராகச் சேர்ந்தவள் நான். தறி நின்றால்தான் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி திடுக்கிட்டுப் பார்ப்பேன். இந்த விஷயம் எனக்கு அப்போதே உறைத்திருந்தால், அன்றைக்கு என் மானம் கப்பலேறியிருக்காது.

எல்லோர் கைக்கும் செல்போன் வந்து, எல்லோர் வீட்டிலும் கரண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது. வேலூரில் பள்ளி நூலகர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. "பாட்காஸ்ட்" என்று ஒரு சங்கதியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியர் பாடத்தைப் பேசிப் பதிவு செய்ய வேண்டியது. பிள்ளைகள் வேண்டியபோதெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியது. கூடமாட இருந்து ஆசிரியர்களுக்கு உதவ வேண்டியது நூலகர். திரும்பி வந்த பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் பாதித் தமிழ்நாட்டின் கல்வியை நான் திருத்திவிட்டேன். (மீதியை ஆரணியில் இறங்குவதற்குள் முடித்தேன்.)

மறுநாள் பள்ளிக்கூடம் போனால் தாளாளர் கூப்பிட்டார். பட்டு வியாபாரி. சொந்தமாகத் தறிக்கூடமும் உண்டு.

"இப்ப யாரும்மா புஸ்தகம் படிச்சிகினு இருக்காங்க? அந்த ரூம்ல யூனிபார்ம் துணிய அடுக்கலாம்னு இருக்கேன். நீங்க பீஸ் கவுண்டர்ல உக்காந்துக்கங்க" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புத்தக பீரோக்களும், ஒரு கால் ஆடும் மேஜையும், சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடி வரும் நாலைந்து பிள்ளைகளும்தான் அந்த அறை. அதை விட்டுக் கொடுக்க மனசே வரவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு பாட்காஸ்ட் பற்றி மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவருக்குக் கால்வாசி புரிந்திருக்கும். (எனக்கே அரைவாசிதான் புரிந்திருந்தது.)

"சரி, பெத்தவங்க மீட்டிங்ல போட்டுக் காட்டுங்க. கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாங்கன்னா ரூம் உங்களுது. எழுந்து போயிட்டாங்கன்னா எனக்கு" என்றார்.

ஆசிரியர்களைப் பிடிக்கப் போனேன். தமிழய்யாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கணக்கு மிஸ், "கணக்க எப்படிடி காதால போடறது?" என்று நழுவிவிட்டார். சிக்கியவர் அறிவியல் தாமோதரன் சார் ஒருவர்தான். தறிக்கூடத்தை ஒட்டிய வகுப்பறையிலேயே வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, குடும்ப விஷயம் பேசினாலும் மேடைப் பேச்சு மாதிரிதான் அவருக்கு வரும். எட்டாம் வகுப்பு 'ஒலி' பாடத்தைப் பதிவு செய்வதென்று முடிவானது.

அமைதியான இடத்தில் பதியுங்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் அமைதி என்பது கரண்டு போனால்தான். ஆனால் கரண்டு போனால் கம்ப்யூட்டரும் போய்விடும். இந்தப் பேஜாருக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வைத்திருந்த சைனா செல்போனைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

கரண்டு போனதும் சாரும் நானும் நூலகத்துக்கு ஓடிக் கதவைச் சாத்தினோம். நான் கற்பூரத் தட்டை ஏந்துகிற மாதிரி போனை அவர் முன் ஏந்தி நின்றேன். ஊரே அடங்கியிருந்தது. "கண்ணுங்களா, ஒலின்னா என்னன்னு பாக்கலாமா?" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு இதமான குரல் அவருக்குள் இருந்தது அவருக்கே தெரியாது போலிருக்கிறது; பேசிக்கொண்டே கண் கலங்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மெல்ல ஏறியது. பிறகு நன்றாகவே ஏறியது. உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்து நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பாடம் முடிந்து நிமிர்ந்தால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.

"கரண்டு எப்பங்க வந்துச்சு?"

"தெரியலயே சார்."

சிடியில் ஏற்றி இரண்டு பேரும் போட்டுக் கேட்டோம். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. பாடம் துளி பிசிறில்லாமல் இருந்தது. சார் பூரித்துப் போனார்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு ராகுகாலம் எமகண்டம் பார்ப்பதில்லை; கரண்டு கட் நேரம்தான் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் தறியை விட்டு ஒருவரும் வர மாட்டார்கள். அன்றும் கரண்டு போனதும் மைதானத்துப் பந்தல் நிறைந்தது. பேட்டரியில் ஓடும் மைக் செட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு குழாய் ஸ்பீக்கரை மேடையிலும், இன்னொன்றை வாசல் வேப்பமரத்திலும் கட்டியிருந்தேன். முன்வரிசையில் தாளாளர். பக்கத்தில் தாமோதரன் சார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

சிடியைப் போட்டேன். "கண்ணுங்களா..." என்று இதமாக வந்தது குரல். எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். மனசுக்குள் புத்தக பீரோக்களுக்குப் புது பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தேன்.

அப்போது வேப்பமரத்திலிருந்து டக்கடக்க டக்கடக்க என்று தறி கிளம்பியது.

பந்தல் மொத்தமும் எழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. செருப்பைத் தேடினார்கள், பையை எடுத்தார்கள், "கரண்டு வந்துடுச்சுபா, ஜல்தி நட" என்று வாசலைப் பார்த்து நடந்தார்கள். எல்லோருக்கும் முதலில் எழுந்தவர் தாளாளர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே தறிக்கூடத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஏம்பா, தறியப் போட்டுட்டியா?"

அவர் போன் பேசினால் எதிர்முனையும் ஊருக்கே கேட்கும். "இல்லீங்களே மொதலாளி. கரண்டு இன்னும் வரலீங்களே."

அவர் நின்றார். வேப்பமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரத்திலிருந்து தாமோதரன் சார், தறிக்கு மேல் தொண்டை கிழிய, "ஒலி பரவ ஒரு ஊடகம் வேணும்!" என்று அலறினார். நிறுத்துவதற்காகக் குமிழைத் திருப்பினேன். அவசரத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். சார் நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

வாசல் வரை போன கூட்டம் எதிர் டீக்கடை பல்பு எரியாததைப் பார்த்துத் திகைத்தது. பிறகு விஷயம் புரிந்து ஒருவர் சிரிக்க, தெருவே சிரித்தது. நான் மேஜைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன். அப்போது ஒரு அம்மா சிரிப்பு அடங்காமலே என்னிடம் வந்தார்.

"மிஸ், அந்த சிடி எனக்கு ஒண்ணு குடுங்க. எம் பொண்ணு தறி பக்கத்துல குந்திகினுதான் படிக்குது. யாரு சொல்லிக் குடுத்தாலும் காதுல வுழாது. இந்த சார் சொல்றது மட்டும் தறியத் தாண்டிகினு கேக்குதே."

"எனக்கும் ஒண்ணு" என்றது இன்னொரு குரல். அப்புறம் மேஜையைச் சுற்றிக் கூட்டம். தாமோதரன் சார் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. கூட்டம் கலைந்ததும் நூலகச் சாவியைத் தாளாளரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"மொத ஆளா எழுந்தவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினும்மா சாவிய வாங்குவேன்?" என்றார்.

அறை தப்பித்தது. அந்த வருஷம் கரண்டு போகும்போதெல்லாம் நூலக வாசலில் ஆசிரியர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் கணக்கு மிஸ். தமிழய்யாவின் தொண்டையும் சரியாகிவிட்டது. தறி ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று என்று ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு விதமாகப் பதிந்தோம். பிள்ளைகள் அதிகம் கேட்டது தறிப் பதிவைத்தான்.

வீட்டில்தான் பிழைப்பு சிரிப்பாகிப் போனது. வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், போனைப் பறிகொடுத்த கோபத்தை என் வீட்டுக்காரர் அவர்கள் எதிரிலேயே என்னிடம் இப்படிக் கேட்டுத்தான் இன்னும் தீர்த்துக்கொள்கிறார்: "உன் ஒலிப் பாடத்த எடுத்துப் போடட்டா?" இந்தக் கதை சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "கரண்டு வந்துடுச்சுங்க" என்கிறார்கள்.