பச்சை ஞானியின் பாவமானி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கட்டடத்துப் பக்கம் போயிருந்தால் உங்களுக்கு நிற்கவே இடம் கிடைத்திருக்காது. கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. முதல் மாடியில் கணக்கு டியூஷன். இரண்டாம் மாடியில் ஞானம். ஞானத்துக்கான வரிசை படிக்கட்டு முழுக்க வழிந்து, கைப்பேசிக் கடை வாசலை அடைத்து, தெருமுனை வரை போயிருந்தது. கணக்குக்கு வந்தவர்கள் ஏழே பேர்.

வரிசையில் வங்கி மேலாளர் இருந்தார். பல் டாக்டர் இருந்தார். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் வாத்தியார்கூட இருந்தார். மாணவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார். ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் மஞ்சளும் பழுப்புமாய் ஒரு பொடி. எல்லார் முகத்திலும் பரீட்சையில் கோட்டை விட்ட களை.

மேலே மேடையில் பச்சை அங்கியில் வீற்றிருந்தார் பச்சை ஞானி. சில வருடங்களுக்கு முன் இதே ஆள் வழுக்கையில் முடி முளைக்கத் தைலம் விற்றார். அப்புறம் முழங்கால் வலிக்குக் காந்த வளையல் விற்றார். இந்த முறை அவர் கையில் சிக்கியது மாட்சா.

மாட்சா என்றால் வேறொன்றுமில்லை. நிழலில் வளர்த்த தேயிலையைக் கல்லில் அரைத்து ஜப்பானில் செய்கிற பச்சைப் பொடி. வெந்நீரில் போட்டு நுரைக்க அடித்துக் குடிப்பார்கள். அப்பாவி ஜனங்கள், நூற்றுக்கணக்கான வருடங்களாக அதைத் தேநீர் என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாவத்தை அளக்கும் கருவி என்று கண்டுபிடித்தவர் நம் ஞானிதான்.

முறை ரொம்பச் சுலபம். அவரிடம் பொடி வாங்க வேண்டும். அவரிடமே கண்ணாடிக் குப்பி வாங்க வேண்டும். பொடியைக் குப்பியில் போட்டு, வீட்டில் வெயில் நன்றாக விழும் ஜன்னலில் பத்து நாள் வைக்க வேண்டும். பச்சை மாறாவிட்டால் வீடு சுத்தம். மஞ்சளானால் வீட்டில் யாரோ தீமூச்சு விடுகிறார்கள். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு தீமூச்சு. ஒப்பிட்டுப் பார்க்க மேடையில் ஒரு நிற அட்டை மாட்டியிருந்தார். பெயின்ட் கடையில் இலவசமாகக் கொடுப்பார்களே, அதே அட்டைதான். ஓரத்தில் இருந்த கடை பெயரை வெட்டிவிட்டார். இளமஞ்சளுக்கு நேராகப் பொறாமை என்றும், பழுப்புக்கு நேராகத் துரோகம் என்றும் எழுதியிருந்தது.

இதுவரை ஒரு வீட்டிலிருந்தும் பச்சைக் குப்பி திரும்பி வரவில்லை. இது ஆச்சரியம். இதற்கு ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை என்பது பெரிய ஆச்சரியம்.

"அப்ப சாமி வீட்டுப் பொடி?" என்று யாராவது கேட்டால், ஞானி மேடை ஜன்னலைக் காட்டுவார். அங்கே நல்ல வெயிலில் ஒரு குப்பி கிளிப்பச்சையாக மின்னும்.

"மூணு வருஷமா அங்கேயே இருக்கு. மனசு சுத்தமா இருந்தா வெயில் என்ன பண்ணும்?"

கூட்டம் உருகிவிடும்.

இப்படி உருகியவர்களில் ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், எந்த ஒயர் எங்கே விட்டிருக்கிறது என்று அரை மணியில் கண்டுபிடிப்பான். சொந்த வீட்டில் கொஞ்ச நாளாக எதுவும் சரியில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனது. மகளுக்கு இரண்டு தரம் காய்ச்சல். வாஷிங் மெஷின் வேறு நின்றுபோனது. அதை மட்டும் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். மனைவியும் அவனுமாக ஞானியிடம் போனார்கள். மூன்று குப்பிகள் வாங்கி வந்து மூன்று அறைகளில் வைத்தார்கள்.

மூன்றும் மஞ்சளாயின. அவனோடு இருக்கும் அக்கா படுக்கும் அறையில் இருந்தது மட்டும் பழுப்பாகவே போய்விட்டது. அந்த அறைக்கு மேற்குப் பார்த்த ஜன்னல், திரையும் கிடையாது. மதியம் முழுக்க வெயில் உள்ளே வந்து குடித்தனம் நடத்தும். ஞானி குப்பியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கண்ணை மூடினார்.

"அந்த அறையில இருக்கற ஆள் அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் விடிவு கிடையாது."

அக்கா ஏழு வருடங்களுக்கு முன், கை நீட்டுகிற புருஷனை விட்டு வந்தவள். அன்றைக்கு அவள் பெட்டியைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தவன் இந்தத் தம்பிதான். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல், சாப்பாட்டு மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்:

"அக்கா... ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பாத்திருக்கேன். உனக்கும் அலைச்சல் மிச்சம்."

"என் அலைச்சல் மேல திடீர்னு என்னடா அக்கறை?"

தம்பி மனைவி குப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. எங்க கண்ணாலயே பாத்துட்டோமே!"

அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில். காலையும் மாலையும் ஃப்ரிட்ஜ்களின் குளிர் அளவைக் குறிப்பதும், வெயில் பட்ட மருந்தைக் கழித்துக்கட்டுவதும் அவள் உத்தியோகம். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது.

"தேயிலைப் பொடிய யாராவது வெயில்ல வெப்பாங்களாடா? வெளிச்சம், சூடு, காத்து, ஈரம் எது பட்டாலும் நிறம் போயிடும். இதுக்கு நான் மூச்சு விடணுமா?"

"அப்ப ஞானி குப்பி மட்டும் எப்படிக்கா பச்சையாவே இருக்கு?"

"நல்ல கேள்வி. அதை அவர்கிட்டயே கேப்போம். அது நிஜமாவே பச்சையா இருந்தா, நானே பெட்டிய எடுத்துட்டுக் கிளம்பிடறேன்."

அடுத்த சனிக்கிழமை, நிரம்பி வழிந்த கூடத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

"சாமி, நான்தான் அந்தப் பழுப்பு அறைக்காரி. உங்க குப்பியிலேருந்து ரெண்டு ஸ்பூன் பொடி குடுங்க. எங்க வீட்டுல வெச்சுத் தினமும் என் கையாலயே தொடறேன். மிச்சம் உங்க ஜன்னல்லயே இருக்கட்டும். ரெண்டு மூடிக்கும் சீல் ஒட்டிடலாம். பத்து நாள் கழிச்சுப் பாக்கலாம்."

அவள் எடுத்துக் காட்டியது மருந்துப் பெட்டிகளில் ஒட்டுகிற சீல். பிரித்தால் கிழிந்துவிடும், மறுபடி ஒட்டாது.

ஞானி புன்னகைத்தார். "சோதனை செய்யற இடத்துல ஞானம் தங்காது, மகளே."

அத்தோடு தப்பியிருப்பார். ஆனால் பக்தர்கள் விடவில்லை. "ஒட்டச் சொல்லுங்க சாமி! இந்தம்மா மூக்கு உடையட்டும்!" என்று பல் டாக்டர் கத்தினார். "நாங்க சாட்சிக் கையெழுத்துப் போடறோம்!" என்று தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ரிட்டையரான டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் கண்ணீரோடு எழுந்தார். "பத்து நாளும் பகல் பூரா முறை போட்டுக் குப்பி பக்கத்துலயே உக்காந்து தியானம் பண்றோம் சாமி! ராத்திரி கூடத்தைப் பூட்டிச் சாவிய நானே வெச்சுக்கறேன்!"

ஞானியின் நெற்றி வியர்த்தது. அது தெய்வீக ஒளி என்று முன்வரிசை சொன்னது. அக்கா ஜன்னல் குப்பியில் ஸ்பூன் விட்டு, தன் பங்கைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு மூடினாள்; குப்பிக்கும் டப்பாவுக்கும் சீல் ஒட்டிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பத்து நாளில் நடந்ததை என்னவென்று சொல்ல! மூன்றாம் நாள் ஞானி மெல்ல வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா உடனே எழுந்து விலக்கிவிட்டார். "வேணாம் சாமி, வெயில் நல்லாப் படட்டும். உங்க சக்தி உலகத்துக்குத் தெரியட்டும்." ஐந்தாம் நாள், குப்பியைப் பின்னறைக்கு எடுத்துப் போய்ப் பூஜிக்க வேண்டும் என்றார். பக்தர்கள் பின்னாலேயே வந்து அறை வாசலில் சம்மணமிட்டார்கள். குப்பி ஜன்னலுக்கே திரும்பியது. எதிரிகள் காவல் காத்திருந்தால் அந்த மனிதர் எப்படியாவது ஏமாற்றியிருப்பார்.

அக்கா வெளிச்சம் புகாத தன் தகர டப்பாவைச் சீல் கலையாமல் வீட்டு ஃப்ரிட்ஜில், மீன் வாடை எட்டாத ஒரு மூலையில் வைத்தாள். தினமும் காலையில் எடுத்து, கையில் பிடித்து, தம்பி மனைவி பார்க்க வாய் நிறைய மூச்சை ஊதிவிட்டு, திருப்பி வைத்தாள்.

பத்தாம் நாள் கூடத்தில் மூச்சு முட்டும் கூட்டம். ஞானியின் குப்பி, சீல் கிழியாமல், கையெழுத்துகள் கலையாமல், காய்ந்த புல் நிறத்தில் இருந்தது. யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் நிற அட்டையைப் பார்த்து, "துரோகத்துக்குப் பக்கத்துல வருது சாமி" என்று முணுமுணுத்தார்.

"இவ கைபட்ட பாவம்!" என்று ஞானி எழுந்தார். "அன்னிக்கு ஸ்பூன் விட்டாளே, அப்பவே தீமூச்சு உள்ள போயிடுச்சு!"

அக்கா தகர டப்பாவைப் பல் டாக்டரிடம் கொடுத்தாள். அவர் சீலை வெட்டித் திறந்து, பொடியை வெள்ளைத் தாளில் கொட்டினார். கிளிப்பச்சை. புதுத் தேயிலை வாசம் முதல் மூன்று வரிசைக்கு எட்டியது.

"பத்து நாளா இது மேலதான் சாமி ஊதிட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

ஞானிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரத்தில் ஞானம் நழுவி, வியாபாரி வெளியே வந்துவிட்டார்.

"ஏம்மா, இருட்டுல மூடி ஃப்ரிட்ஜுல வெச்சா எவன் வெச்சாலும் பச்சையாத்தானே இருக்கும்? நீ அதை வெயில்ல வெச்சிருக்கணும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

டைப்பிஸ்ட் அம்மா நேராகப் பின்னறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். வாராவாரம் ஜன்னல் குப்பியில் மாற்றிக்கொண்டிருந்த பொடி, சின்னச் சின்ன டப்பாக்களில். ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருந்தது: வெளிச்சம் படாமல், குளிர்ந்த இடத்தில் வைக்கவும், திறந்தபின் சீக்கிரம் பயன்படுத்தவும். தரையில் பக்தர்களுக்கான சாக்கு மூட்டை. அக்கா இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் விரலால் தேய்த்துக் காட்டினாள். ஃப்ரிட்ஜ் பொடி மை போல வழுவழுவென்று நீளமாக இழுபட்டது. மூட்டைப் பொடி மணல் மாதிரி நறநறத்து அங்கேயே நின்றது. வெயிலுக்குப் போகும் முன்பே பாதி மஞ்சள், வைக்கோல் வாடை.

"இதைக் குடிக்கக்கூட ஆகாது. நல்லதை அவர் குடிச்சாரு, குப்பைய நீங்க கும்பிட்டீங்க" என்றாள்.

அந்த அமளியில் பச்சை அங்கி மட்டும் மேடையில் கிடந்தது. அதற்குள் இருந்தவர் பின்படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டிருந்தார்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அந்த ஆள் நம்மள நல்லா ஏமாத்திட்டான்க்கா. வா, வீட்டுக்குப் போலாம்."

"அவன் பொடி வித்தான், அவ்வளவுதான். ஹாஸ்டல் பாத்தது நீ." அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "ஏழு வருஷமா ஒரே வீட்டுல கூட இருந்திருக்கேன். நான் நல்லவளா கெட்டவளான்னு தெரிஞ்சுக்க உனக்கு ஒரு குப்பி தேவைப்பட்டுச்சாடா?"

அவள் அவனுக்கு முன்னால் படியிறங்கினாள். வீட்டுக்குத்தான் போனாள்; அது அவள் வீடும்தானே. ஹாஸ்டல்காரர்களுக்கு அன்றே போன் செய்து, அறை வேண்டாம் என்று தம்பியையே சொல்ல வைத்தாள்.

படிக்கட்டில் வங்கி மேலாளர் வாத்தியாரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்தாளு போனாப் போறான் சார். ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் உப்புக் கல்லை வெச்சுப் பாக்கறாராமே, நிஜமா?" வாத்தியார் தொப்பியைக் கழற்றி, விலாசம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தேயிலைப் பொடியை வெளிச்சம் படாமல் இறுக மூடி வையுங்கள், ரொம்ப நல்லது. மூளையையும் ஏன் ஐயா அப்படியே மூடி வைக்கிறீர்கள்?