பார்த்தறியாத பென்சில்வேனியாக்காரர்

ஹால்வர்சன், அயோவா
பிப்ரவரி 19

மதிப்புக்குரிய ஆரின் அத்தானுக்கு லவான் எழுதிக்கொள்வது.

இங்கே பனி சௌக்கியம், பன்றிகள் சௌக்கியம், என் வீட்டுக்காரர் மெர்லுடைய இடது முட்டி மட்டும் சௌக்கியமில்லை. அங்கே அரிசோனா வெயிலில் நீங்களும் ஆர்டிஸ் அக்காவும் அரைக்கால் சட்டையோடு எலுமிச்சை பறிக்கிற படம் வந்து சேர்ந்தது. அத்தான், அந்த முழங்கால்களை இங்கே கொண்டுவந்து காட்டினால் பனி தானே பயந்து உருகிவிடும். ஊர் நன்மைக்காகச் சீக்கிரம் திரும்பி வாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சின்னவள், என் தங்கை பெர்னிட்டா, என்னோடு பேசிப் பதினாறு நாள் ஆகிறது. நாலு வீடு தள்ளி இருக்கிறாள். பள்ளிக்கூட அடுக்களையில் அவளும் நானும் ஒரே அடுப்பில் நிற்கிறோம். உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் நிற்கிற பெண்ணிடம் சொல்லி வாங்குகிறாள். என் பேச்சைக் கேட்க மாட்டாள், உங்கள் பேச்சைக் கேட்பாள். ஆகவே நீங்கள் அவளுக்கு ஒரு போன் போட வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். நடுவில் இருப்பதைத் தாண்டிக் கடைசிக்கு ஓடாதீர்கள், உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

அவள் நாலு மாதமாக வில்லா ஸ்ட்ராண்டுக்காக வீடு வீடாக நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் முன்பு மாட்டு வைத்தியம் பார்த்தவர், இப்போது செனட்டர், ஜனாதிபதி ஆகப் பார்க்கிறார். கோடையில் நம் ஊருக்கு வந்தபோது கூட்டம் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் காபிக்கு வந்தவர்கள். நம் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியதையும், தன் மகள் நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே பெற்றதையும் பெர்னிட்டா எழுந்து சொன்னாள். வில்லா அம்மாள் முதலில் குழந்தையின் பெயரைக் கேட்டார். மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் பார்த்தபோது, "ஐரிஸுக்குப் பல் வந்துடுச்சா?" என்றாராம். அன்றோடு நம் பெர்னிட்டா அவர் ஆள்.

நம் கட்சி வேட்பாளர்களின் விவாதங்கள் ஐந்தையும் அவள் வீட்டில்தான் பார்த்தோம். அவள், நான், மெர்ல், தீவனக் கடை டெல்மர். மூன்றாவது விவாதத்தில் யாரோ வெளிநாட்டுச் சங்கதி ஒன்றைக் கேட்டார்கள். மேடையில் இருந்த மற்ற ஆறு பேரும் தெரிந்த மாதிரியே பேசினார்கள். வில்லா அம்மாள் மட்டும், "எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுத்தான் முடிவெடுப்பேன்" என்றார். மெர்ல் தொடையில் தட்டி, "இதப்பாரு! இப்பதான் ஒரு மனுஷப் பேச்சு கேக்குது" என்றார். எனக்கும் உள்ளே குளிர்ந்துபோயிற்று.

அப்போது டெல்மர் சோளப்பொரியை மென்றுகொண்டே, "நமக்குப் பிடிக்குது, சரி. பென்சில்வேனியாக்காரனுக்குப் பிடிக்குமா?" என்றார்.

"யாருய்யா அவன்?" என்றாள் பெர்னிட்டா.

"அவன்தாம்மா கடைசில ஜெயிக்க வைக்கிறவன். அந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் ஜனாதிபதி. நாம யாரை அனுப்பினாலும் நவம்பர்ல அவன்கிட்டத்தானே போய் நிக்கணும்?"

அன்று வந்து சோபாவில் உட்கார்ந்தவர்தான் அத்தான், அந்தப் பென்சில்வேனியாக்காரர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நாலாவது விவாதத்தில் வில்லா அம்மாள் சிரித்தார். "பொம்பளை சிரிச்சா அவனுக்குப் பிடிக்காது" என்றார் டெல்மர். ஐந்தாவதில் சிரிக்காமல் இருந்தார். "மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் பிடிக்காது" என்றார் மெர்ல். கிரெக் டாலிவர் என்று இன்னொரு வேட்பாளர், அந்தக் கவர்னர் வந்தாரே, மைனஸ் இருபதிலும் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு! அவர் என்ன பேசினார் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை, ஆனால் அவர் தாடை பென்சில்வேனியாக்காரருக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டி.வி.யில் விமர்சிக்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். யார் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, யாரால் ஜெயிக்க முடியும், யாரால் முடியாது என்றே ஒரு மணி நேரம்.

"அந்த ஆளை நீங்க யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா? என் சோபாவைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, ஒரு நாளாவது கேக் கொண்டுவந்தானா?" என்று பெர்னிட்டா கத்தினாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் அத்தான், உங்களிடம் மறைப்பானேன், நான் அதற்குள் அவருக்குப் பாதி சோபாவை ஒதுக்கிக் கொடுத்தாகிவிட்டது.

மூன்றாம் தேதி சாயங்காலம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் காக்கஸ், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஊர்க்கூட்டம். உங்களுக்குத் தெரியாததில்லை, ஓட்டுச் சீட்டுப் போடுவதெல்லாம் கிடையாது, யாருக்கு யார் வேண்டுமோ அவர் மூலையில் ஊரறியப் போய் நிற்க வேண்டும், நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். இந்த வருஷம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தேறிவிட்ட மூலையில் நிற்கிறவர் அப்புறம் அசையக் கூடாது. வந்தவர்கள் எண்பது. ஆக, பன்னிரண்டு பேர் வேண்டும்.

பெர்னிட்டா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு எப்படியும் பதினைந்து பேர் தேறும், நான் ஒருத்தி இல்லாவிட்டால் குடி முழுகாது, நம் ஓட்டு ஜெயிக்கிறவருக்கு உதவட்டுமே என்று கணக்குப் பண்ணி, நான் நேராக டாலிவர் மூலையில் போய் நின்றேன். அங்கே பார்த்தால் மெர்ல் நிற்கிறார்.

"ஏங்க, நீங்க வில்லா பக்கம்னு சொன்னீங்க?"

"நீ அங்க போவேன்னு நெனச்சேன். வீட்டுக்கு ஒரு ஆள் போதுமேன்னு இங்க வந்தேன்."

தள்ளிப் பார்த்தால் டெல்மர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

ஒவ்வொரு மூலையிலும் எண்ணச் சொன்னார்கள். பெர்னிட்டா மூலையில் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பதினொன்றில் நின்றது. நின்ற இடத்தில் பாவம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெர்னிட்டா நோட்டைத் திறந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கூடத்துக்குக் குறுக்கே என்னைப் பார்த்தாள். அந்த நோட்டில் முதல் பெயர் என்னுடையதாம். கேட்காமலே எழுதியிருக்கிறாள். அக்காவைக் கேட்டுவிட்டா எழுதுவார்கள்?

மூலை மாறி நிற்கக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். நான் கூட்டத் தலைவரிடம் போய், "ஐயா, நான் தப்பா நின்னுட்டேன், அங்க போயிடட்டுமா?" என்றேன். "தேறின மூலையிலேர்ந்து நகரக் கூடாதும்மா. அடுத்த தடவை பாத்து நில்லுங்க" என்றார். அடுத்த தடவை என்றால் நாலு வருஷம். அவளோடு நின்ற பத்துப் பேரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கமாகக் கரைந்தார்கள். பெர்னிட்டா நகரவில்லை.

"பெர்னிட்டா, தனியா நின்னா கணக்குல வராதும்மா" என்றார் தலைவர்.

"கணக்குல வர வேணாம். நான் நிக்கிறேன்."

நின்றாள், அத்தான். கடைசி வரை, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எங்கள் மூலையில் வெற்றி என்று கை தட்டினார்கள், நானும் தட்டினேன், என் கை எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த கட்டத் தேர்வு நடக்கிற மார்ச் மாத மாவட்டக் கூட்டத்துக்கு டாலிவர் சார்பில் போக யார் தயார் என்றார்கள். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பக் குளிர்கோட்டுகளைத் தேட ஆரம்பித்தார்கள். கோட்டுத் தேடாமல் நின்றது நான் மட்டும், என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் தீவனக் கடையில் விசாரித்தால், டாலிவர் மூலையில் நின்றவர்களில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் மனதில் வில்லா அம்மாள்தான்! "அப்ப ஏன்யா அங்க நின்னே?" என்று டெல்மரைக் கேட்டேன். "மத்தவங்க நிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் லவான்" என்கிறார். அந்த மற்றவர்கள் நாங்கள்தான்.

அதற்கு மேல் ஒரு கூத்து. போன வாரம் மெர்லுடைய சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் ஈரி நகரத்தில் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் இருக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, ஈரி பென்சில்வேனியாவில் அல்லவா இருக்கிறது! சோபாக்காரர் கடைசியில் வாய் திறந்துவிட்டார் என்று நினைத்து, உனக்கு யாரைப் பிடித்தது என்று கேட்டேன்.

"அந்த மாட்டு டாக்டரம்மாதான் அண்ணி. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாங்க பாருங்க! ஆனா உங்க அயோவாக்காரங்களே அவங்களைக் கைவிட்டுட்டீங்களே, நீங்க நிறுத்தாத ஆளை நாங்க எங்க போய் நிறுத்துறது?"

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி, அரசியல் புத்தகம் எதுவும் தெரியாது. ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டை மனதில் நினைத்துக்கொண்டு குழம்பு வைத்ததில்லை. நாட்டுக்கு ஆள் தேடும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போயிற்று? அவர் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. தோற்றும் போயிருக்கலாம். ஆனால் அவர் ஜெயிக்க முடியாதவர் என்று நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, அத்தான், நாங்களே அப்படி ஆக்கினோம்.

ஆகவே அவளுக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்கள். உன் அக்கா இனி ஒருநாளும் அடுத்தவர் மனதைக் கணக்குப் பண்ணித் தன் காலை நகர்த்த மாட்டாள், யார் வந்தாலும் வராவிட்டாலும் தன் மனது சொன்ன இடத்தில்தான் நிற்பாள், இது சத்தியம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் குரல் தழுதழுக்கச் சொன்னால் நல்லது. உங்களுக்கு வராது, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ் அக்காவுக்கு என் முத்தங்கள். உங்கள் எலுமிச்சை மரத்துக்கும், அதைத் தாங்கும் அந்த வெயிலுக்கும் என் பொறாமை கலந்த வாழ்த்துகள். இருவரும் விழாமல் வழுக்காமல் நூறு வருஷம் நடமாட வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொள்ளும்,

உங்கள் கொழுந்தியாள்
லவான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டி.வி.யில் சொன்னார்கள், டாலிவர் போட்டியிலிருந்து விலகிவிட்டாராம். ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள்! மனைவி மக்களோடு இருக்கப் போகிறாராம். ஐந்து நிமிஷத்தில் பெர்னிட்டா பனி பூட்ஸோடு என் சமையலறைக்குள் நின்றாள். பதினாறு நாளுக்கப்புறம் முதல் பேச்சு. "அக்கா, மார்ச் கூட்டத்துக்கு உன் பேர்தானே இருக்கு? அந்த ஆளு போயிட்டான், இனி நீ எங்க வேணா நிக்கலாம். வில்லா பக்கம் நிப்பியா?" எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அத்தான். ஓடிப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அந்த வாய் கேட்டது: "வேற யாரெல்லாம் வர்றாங்க?"

கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் அரிசோனாவில் உங்களுக்கே கேட்டிருக்கும். ஆகவே மேலே எழுதிய சத்தியத்தை நீங்கள் இப்போது சொல்ல வேண்டாம். நான் என் பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு வீடு நடந்து போய், முதலில் அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன்.