தாச்சி இல்லாத சீட்டு

பதுளை,
20.10.2024

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

நாங்கள் இங்கு நலம். அதாவது, சொல்லும்படியான நோய் ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்தையும் அக்காவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து படங்கள் அனுப்புவதாகக் கேள்விப்பட்டேன். எங்களுக்கு வரவில்லை, பரவாயில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடியதைக் கடிதத்தில் எழுதுவதற்குக் காரணம், தொலைபேசியில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

விடயம், நீங்கள் மூன்று வருடங்களுக்கு முன் என்னைச் சேர்த்துவிட்ட யூனிட் ட்ரஸ்ட், அதுதான் பலருடைய காசைச் சேர்த்துப் பங்குகளில் போடும் அந்த முதலீடு. அப்போது நீங்கள் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. ஐயா அக்காவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த இந்த வீட்டில், அதாவது நான் பிறந்து, இப்போது உங்களுக்கு வாடகை கட்டிக் குடியிருக்கும் இந்த வீட்டில், சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருந்துகொண்டு சொன்னீர்கள்: "தனேஸ், மாதாமாதம் கொஞ்சம் போடு. விலை ஏறினாலும் போடு, இறங்கினாலும் போடு. பதினைஞ்சு வருசம் திரும்பிப் பாக்காதை. பென்சன் எடுக்கேக்கை உனக்கெண்டு ஒரு வீடு இருக்கும்." உனக்கெண்டு ஒரு வீடு என்பதை நீங்கள் அழுத்திச் சொன்னீர்களா, அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்தாலும் சேர்ந்தேன். ஹாலிஎலப் பக்கம் பத்துப் பேர்ச் காணி, இரண்டு அறை, ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் நுழையக்கூடிய ஒரு வாசல். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒழுங்காகப் போட்டும் வந்தேன். கந்தோரில் நான் கடதாசிகளைக் கோவை கட்டப் பழக்கிய தம்பிராசா எனக்கு மேலே நிர்வாக உத்தியோகத்தராகப் போய் உட்கார்ந்த மாதத்திலும் போட்டேன். பிசகு என் மனுசி வதனியால் வந்தது. எங்கள் ஒழுங்கையில் எதிரும் அயலுமாக இருக்கும் பெண்களுடன் அவள் சீட்டுப் போடுவது உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் எல்லோரும் காசு கட்டுவார்கள், முறை வந்தவர் முழுவதையும் எடுப்பார், சேர்த்துக் கொடுக்கும் தாச்சி நாலு வீடு தள்ளி இருப்பவர். போன மாதம் சீட்டுக் கூடிய இடத்தில், தையல் கடை பாக்கியலெட்சுமி தன் சீட்டுக் காசில் மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்த கதையைச் சொல்ல, வதனிக்குப் பொறுக்கவில்லை. "எங்கட இவரும் கொழும்பிலை பெரிய சீட்டு ஒண்டு போடுறார். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் எடுப்பார்" என்று பெருமையடித்துவிட்டாள். கடைக்கார ஜாபிரின் மனைவி நளீரா மெல்லக் கேட்டாளாம்: "மூணு வருஷமா ஒரு முறை சரி எடுக்கல்லயா, வதனி அக்கா?" இல்லை என்றிருக்கிறாள். பொழுதுபடுவதற்குள், தனேஸ்வரன் சேரை யாரோ கொழும்பு ஆள் ஏமாற்றிவிட்டான் என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பாக்கியலெட்சுமி பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து நிற்கிறாள், செத்த வீட்டுக்கு வந்த முகத்தோடு.

"சார், மனச விட்றாதீங்க. எங்க தோட்டத்துலயும் ஒருத்தன் சீட்டுக் காச சுருட்டிக்கிட்டு மொனராகலைக்கு ஓடிட்டான். கரும்புக் காட்டுல வச்சுப் புடிச்சோம்ல."

"இது சீட்டு இல்லை, பாக்கியம்."

"சரிங்க சார். தாச்சி யாரு?"

"தாச்சி எண்டு இல்லை. ஒரு கொம்பனி. அதிலை காசை முதலீடு செய்ய முகாமையாளர் ஒருத்தர் இருக்கிறார்."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"வீடு எங்கன்னு தெரியுமா?"

"எனக்கேன் அவரின்ரை வீடு?"

"என்னங்க சார் இது! நாளைக்கு ஆளு ஓடிட்டா, யாரு வீட்டு வாசல்ல போய் ஒக்காருவீங்க?"

அரசாங்கத்தின் மேற்பார்வை இருக்கிறது, காசு தனியாக ஒரு வங்கியின் பொறுப்பில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லித் தந்ததையெல்லாம் அவளுக்கு ஒப்புவித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாண சூட்டோட சாப்பிடுங்க சார்" என்றாள்.

பிறகு மின்குமிழ் வாங்க ஜாபிரின் கடைக்குப் போனேன். படித்தவன், கணக்கு விளங்கும் என்று நம்பி அவனுக்கு விளக்கத் தொடங்கியது என் பிழை. கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள்.

"இப்ப விலை எப்பிடி சேர், கூடிச்சா குறைஞ்சிச்சா?"

"ஆவணிக்குப் பிறகு குறைஞ்சிட்டுது."

"அப்ப நட்டம்."

"இல்லை ஜாபிர். குறைஞ்சா அதே காசுக்குக் கூட யூனிட் கிடைக்கும். நல்லதுதான்."

"கூடினா?"

"அதுவும் நல்லது. ஏற்கெனவே வாங்கினதின்ரை பெறுமதி ஏறும்."

"அப்ப கெட்டது எப்ப?"

"அவசரப்பட்டு எடுத்தாத்தான்."

ஜாபிர் மற்ற வாடிக்கையாளர்களை ஒரு பார்வை பார்த்தான். "கேக்காத வரைக்கும் சல்லி பத்திரமா ஈக்கும். எங்கட வாப்பாக்குக் கடன திருப்பித் தர ஈந்த மனுசனும் கடைசி வரைக்கும் இதத்தான் சொன்னார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மின்குமிழுக்குக் காசை நீட்டினேன். வாங்கவில்லை. "வைங்க சேர். ஒங்களுக்கு இப்ப கஷ்டமான நேரம்." இருபது வருடமாக ஒரு ரூபாய் குறைத்துத் தராத ஜாபிர், அத்தான்.

இதையும் பொறுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை கந்தோரில் தம்பிராசா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதிரையைக் காட்டினான். மூன்று வருடத்தில் முதல் தடவை. "அண்ணை, கேள்விப்பட்டன். படிச்ச ஆக்களைத்தான் இவங்கள் லேசா மடக்குறாங்கள்" என்றான். நலன்புரிச் சங்கத்தில் இடர் உதவி என்று ஒன்று இருக்கிறதாம், வெள்ளத்தில் கூரை போனவர்களுக்கும் நெருப்பில் வீடு போனவர்களுக்கும் கொடுப்பது. அதை எனக்குக் கொடுக்க வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் தானே பிரேரிக்கப் போவதாகச் சொன்னான். மேசைக்கு மேலால் கையை நீட்டி என் தோளையும் தட்டினான். என் தோளை. தம்பிராசா.

ஆகவே தயவுசெய்து கவனிக்கவும். வியாழனுக்கு முன் அந்தக் காசு முழுவதும் எனக்கு வேண்டும். எடுப்பதற்கான இரகசிய இலக்கம் உங்கள் தொலைபேசிக்குத்தான் வரும். "உனக்கு இதெல்லாம் விளங்காது" என்று உங்கள் இலக்கத்தைக் கொடுத்துக் கணக்குத் திறந்தவர் நீங்கள். அந்த இலக்கத்தை எனக்கு அனுப்பினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். வங்கியிலிருந்து காசை எடுத்துக் கொண்டுபோய்த் தம்பிராசாவின் மேசையில் வைத்து, எண்ணிப் பார் என்று சொல்லப் போகிறேன். ஹாலிஎலக் காணி, இரண்டு அறை, வாசல் எல்லாவற்றையும் மனதிலிருந்து எடுத்துவிட்டேன். சொந்த வீடு இல்லாமல் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். நீண்டகால முதலீடு என்பது அயலவர் இல்லாதவர்களுக்குச் சரிவரும். எங்களைப் போல் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. இது என் முடிந்த முடிவு. இதில் உங்கள் ஆலோசனையைக் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் அன்பையும், பிள்ளைகள் படம் அனுப்பும்போது அவர்களுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். கதிர்காமத்து முருகன் அக்காவின் முழங்காலையும் உங்கள் தொலைபேசியையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனனும் வாடகைக் குடியிருப்பாளனுமான
ச. தனேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு, காசை எடுக்கப் போகிறேன் என்று வதனிக்குச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம். "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துதே! முதல் குசினிக் கூரையை மாத்துவம், சமைக்கேக்கை ஒழுகுது. பிறகு குளியலறைக்கு மாபிள். மிச்சத்திலை முன்மதிலைக் கட்டுவம், ரோட்டாலை போறவன் பாத்தாலும் ஒரு மரியாதை" என்று அடுக்கிக்கொண்டே போனாள். அத்தான், அது உங்கள் கூரை. உங்கள் குளியலறை. உங்கள் மதில். என் மூன்று வருடச் சேமிப்பு உங்கள் சொத்தின் பெறுமதியைக் கூட்டப் பார்த்தது. ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைத் தள்ளிவிடவும். நானே தொலைபேசி எடுத்து அழுதாலும் அந்த இலக்கத்தைத் தர வேண்டாம். பாக்கியலெட்சுமி பாண் கொண்டு வரட்டும், தம்பிராசா தோளைத் தட்டட்டும், ஹாலிஎலவுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம்தான். மாதத் தொகையை இரட்டிப்பாக்கும்படி கொம்பனிக்கு இப்போதே அறிவித்துவிட்டேன். சம்பளம் வந்தவுடன் முதலில் சேமிப்பை ஒதுக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை மிஞ்சுவதில் கொடு என்று நீங்கள் அன்று சொன்னது இன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இந்த மாதம் ஒன்றும் மிஞ்சவில்லை. வாடகை பிந்தும். குசினிக் கூரை கடுமையாக ஒழுகுகிறது, வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில் ஆவன செய்யவும்.